சாரி சார், ஒன் மோர்

கல்யாணமான புதிதில் தாம்பரம் மேற்கில் என் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். எண்பதுகளின் பின்பாதி. 'வீட்டோட மாப்பிள்ளை' என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதை நானே தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் அந்தப் படிகளில் ஏறினேன்.

சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசிப்பது என் வேலை. காலையில் மின்சார ரயில் ஏறி கோடம்பாக்கத்தில் இறங்கி, ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வரிசையில் ஒருவனாக உட்கார்ந்து, முன்னால் வைத்த தாளில் இருப்பதை வாசித்துவிட்டு சாயங்காலம் திரும்பி வருவேன். எந்தப் படம் என்றுகூடப் பல நாள் தெரியாது. பிறகு என்றாவது டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வரும். 'அட, இந்த இடத்தில் நான் இருக்கிறேன்' என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்ல மாட்டேன்.

மாமா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அதைவிட முக்கியம், எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தின் பக்கத்தில் அவர் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். சினிமா அவருக்கு ஆகாது. சபையில் பாதிப் பேருக்கும் ஆகாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. குழுவில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் ஏதோ படத்தில் கோரஸ் பாடிவிட்டாள் என்று தெரிந்ததும், 'ரெண்டு எடத்துல பாட முடியாதும்மா' என்று அவளை நிறுத்தியவர் மாமாதான். அப்படிப்பட்டவர் எனக்குப் பெண் கொடுத்தது முழுக்க முழுக்க என் மனைவியின் பிடிவாதத்தால். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், 'மாப்பிள்ளை மியூசிக் லைன்ல இருக்கார்' என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. பாடகர், தபலா, புல்லாங்குழல், நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்போம், ஒரே மூச்சில் ஒலிப்பதிவு ஆகும். நடுவில் ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் பிசகியவர் யாரோ, அவரே அந்த நொடியில் வில்லை உயரத் தூக்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளரைப் பார்த்து, 'சாரி சார், ஒன் மோர்' என்று சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பிறகு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும்போது எப்படியும் அகப்பட்டுவிடும். அப்போது எல்லோருடைய உழைப்பும் வீண். கையைத் தூக்கியவனை யாரும் திட்டியதில்லை. தூக்காதவனை அடுத்த நாள் கூப்பிட்டதில்லை. ஒருவர் தூக்கினால் மற்றவர்கள் சட்டென்று வில்லை மடியில் வைத்துவிடுவோம். யோசித்துச் செய்வதல்ல, சூடு பட்டால் கை பின்னால் போகிற மாதிரி.

இந்தக் கதைகளை ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்வேன். கூடத்தில் மாமா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

அந்த வருடம் தாம்பரம் கிழக்கில் இருந்த கல்லூரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவர் மனைவி செல்லோ வாசிப்பவர். வயலினுக்குப் பாட்டன் மாதிரி இருக்கும், காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார்களே, அது. ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு கச்சேரி செய்துவிட வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஆசை. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசை, அதிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பழைய முறைகளையெல்லாம் உடைத்துப்போட்டு எழுதியவர்களின் இசை. யாரோ சொல்லி எங்களைத் தேடி வந்தார். முதல் வயலின், எங்கள் வரிசையில் மூத்தவரான பல்லாவரத்து அண்ணன். இரண்டாவது வயலின் நான். வயலினைவிடச் சற்றுப் பெரியதான வயோலாவுக்கு செம்பாக்கத்திலிருந்து ஒரு நண்பர், வாயே திறக்காத மனிதர்.

மூன்று பேர் எழுதியவற்றை எடுத்துக்கொண்டோம். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் ஹங்கேரிக்காரர், இன்னொருவர் வியன்னாக்காரர். பெயர்கள் அன்றைக்கே எங்கள் வாயில் நுழையவில்லை. பிரெஞ்சுக்காரர் பரவாயில்லை, இனிப்பாக ஆரம்பித்து எங்கெங்கோ போவார். ஹங்கேரிக்காரரின் தாளம் எங்களுக்குப் பிடித்துவிட்டது, கிட்டத்தட்ட நம்ம ஊர்க் குத்து. வியன்னாக்காரர்தான் உயிரை எடுத்தார். அவர் எழுதியது சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிய சத்தம். மூன்றாவது துண்டில் ஓர் இடம் வரும். நானும் வயோலா நண்பரும் அடுத்தடுத்த சுரங்களை, அரைச் சுரம்தான் இடைவெளி, ஒன்றாகப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று உரசும்.

ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணன் வாசித்துக்கொண்டே சிரிப்பார். "இன்னாபா இது, ஒரே பேஜாரா கீது! இத்த வாசிச்சிகினு வூட்டுக்குப் போனா நாய் தொரத்தும்பா."

அந்த அம்மாள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, 'குட், குட்' என்பார். அதனால் அதுதான் சரி என்று மனப்பாடம் செய்துகொண்டோம்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. கல்லூரி ஹால். மேல்நாட்டுச் சங்கீதம். வெள்ளைக்கார அம்மாளோடு மருமகன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் அழைத்தார். பாடகர் குழு மொத்தமும் வருவதாகச் சொன்னது. போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயரும் வருவதாகச் சொல்லிவிட்டார். சபைக் கமிட்டிக்காரர்கள் சிலரும்.

கச்சேரிக்கு முன்னால் எங்களை அறிமுகப்படுத்த ஆளுக்கு ஒரு வரி வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சர்ச்ல வாசிக்கிறவர்னு சொல்லச் சொல்லுங்க மாப்பிள்ளை. அதுவும் உண்மைதானே?"

உண்மைதான். வருடத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு வாசிப்பேன். "சரி மாமா" என்று தலையாட்டினேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனேன். சோறு போடுகிற தொழிலை வெளியே சொல்ல முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வேறொன்றும் தெளிவாகத் தெரிந்தது. மருமகன் சினிமாக்காரன் என்று அந்த ஹாலில் யாருக்காவது தெரிந்தால், அந்தப் பெண்ணை நிறுத்திய மாமாவால் பிறகு குழுவின் முன்னால் கையைத் தூக்கி நிற்க முடியாது. அவருக்கு அந்தக் குழுதான் உயிர்.

அன்று சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதாலும் எங்கள் தாள்களைப் பறக்கவிட்டதாலும் அந்த அம்மாள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்கள் சபையார் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டு, பிரசங்கம் கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா முதல் வரிசையில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் என் மனைவி. 'சர்ச் வயலினிஸ்ட்' என்று அந்த அம்மாள் என்னைச் சொன்னபோது மாமா ஐயரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர் முடிந்தார். நடுநடுவே கைதட்டினார்கள், பரவாயில்லை. ஹங்கேரிக்காரருக்குப் பின்வரிசை மாணவர்கள் விசிலே அடித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு வியன்னாக்காரர்.

மூன்றாவது துண்டு. அந்த இடம். நானும் வயோலாவும் சுரத்தைப் பிடித்து நின்றோம். கருங்கல் கட்டடம், மின்விசிறியும் இல்லை. ஒத்திகை நடந்த வீட்டில் உரசியது இங்கே அலறியது. தற்செயலாகத் தாளிலிருந்து கண்ணைத் தூக்கினேன். முதல் வரிசையில் மாமா முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி மூடி, தலையைத் திருப்பிக்கொண்டார். குழுவில் யாராவது சுருதி பிசகினால் அவர் காட்டுகிற அதே முகம். மாடிப்படி ஏறும்போதெல்லாம் நான் பயந்த முகம்.

என் வில் மேலே போயிருந்தது. "சாரி சார், ஒன் மோர்!"

சத்தமாகத்தான் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே. கண்ணாடி எங்கே இருந்தது? ஹாலின் கடைசிச் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணன் சட்டென்று நிறுத்தி வில்லை மடியில் வைத்தார். வயோலா நண்பரும் வைத்தார். அந்த அம்மாள் மட்டும் தனியாக இரண்டு மூன்று சுரங்கள் வாசித்துக்கொண்டு போய், பிறகு நின்று, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி தொடங்க யாராவது 'ஒன், டூ' என்று எண்ணிக்கை கொடுப்பார்கள் என்று அண்ணன் நிமிர்ந்து காத்திருந்தார். பிறகுதான் அவருக்கும் உறைத்தது. "அய்யய்யோ" என்றார் மெதுவாக.

சபையாரின் விசிறிகள் அப்படியே நின்றன. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். எனக்கு அந்த மேடையின் பலகை பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது.

அந்த அம்மாள் பெருந்தன்மையானவர். ஒன்றும் நடக்காததுபோல் தலையசைத்தார், அந்தத் துண்டை முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடி அந்த இடம் வந்தது. மறுபடி அதே அலறல். தாளைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். அச்சடித்தபடியேதான் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையும் அதையேதான் வாசித்திருந்தேன். ஒத்திகை முழுக்க 'குட், குட்' என்று கேட்ட அதே சுரம். சரியாக வாசித்ததற்காக ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

கச்சேரி முடிந்து வராந்தாவில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். ஐயர் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"தம்பி, நல்லா இருந்துது. நடுவுல நிறுத்தி, கைய தூக்கி, ஒன் மோர்னு சொன்னீங்களே, அது என்ன?"

மாமா சற்றுத் தள்ளி, கமிட்டிக்காரர்களோடு நின்றார். பின்வரிசை மாணவர்களில் யாராவது, 'அது ரெக்கார்டிங்ல சொல்றது சார்' என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பதறியது. மாமாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். காப்பாற்ற நினைத்தது அவரையா என்னையா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை.

"அந்த மியூசிக்கே அப்படித்தான் ஐயா. மாடர்ன். நடுவுல நிறுத்திப் பேசணும்னு மியூசிக் போட்டவரே எழுதியிருக்கார்."

"அப்படியா!" ஐயரின் கண்கள் விரிந்தன. "அதான் பாத்தேன். மூணு பேரும் ஒண்ணா நிறுத்தினீங்களே, என்ன ஒரு ஒழுங்கு!" அந்த மகிழ்ச்சியோடு நேராக மாமாவிடம் போனார். நான் பின்னாலேயே போனேன், ஐயரின் அங்கியைப் பிடித்து இழுக்க முடியாத தூரத்தில்.

"நடுவுல நிறுத்திப் பேசினது எல்லாம் எழுதி வெச்சதுதானாமே! மாப்பிள்ளை இப்பதான் சொன்னார்."

மாமா என்னைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் டீ கிளாஸைச் சுவர் விளிம்பில் வைத்தார்.

"இல்லங்க ஐயா. அவர் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறவர். அங்க ஒரு வழக்கம் உண்டு. யார் தப்பு பண்ணாங்களோ அவங்களே கைய தூக்கிச் சொல்லிடணும். பக்கத்துல இருக்கிறவர் மேல பழி போகக் கூடாதுன்னு. அந்தப் பழக்கத்துல சொல்லிட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "இத்தன வருஷமா குழு நடத்தறேன். ஒருத்தர்கூட எனக்கு அப்படிக் கை தூக்கினதில்ல" என்றார்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஐயர் என்னையும் அவரையும் பார்த்துவிட்டு, 'சரி, சரி' என்று சொல்லிச் சமோசாவைக் கடித்தார். என் நேர்மையை மாமா புகழ்ந்துகொண்டிருந்தபோது, நான் சொன்ன பொய் ஐயரின் வாயில் இன்னும் ஆறாமல் இருந்தது. மேடையில் பட்ட அவமானத்தை ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது அந்த நிமிடம்.

மனைவி தோழிகளோடு போய்விட, நான் மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமா எஞ்சினை அணைத்தார். சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"எந்த எடத்துல தப்பு வந்துது மாப்பிள்ளை?" என்றார் திரும்பாமலே. "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துது."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் முடியவில்லை. "தப்பே வரல மாமா. சரியாத்தான் வாசிச்சேன். அந்த எடம் அப்படித்தான் இருக்கணும்."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"உங்க முகத்தப் பாத்தேன். சுளிச்சீங்க. நான்தான் பிசகிட்டேன்னு நெனச்சிட்டேன்."

மாமா இப்போது திரும்பினார். "எனக்குக் கடவாப்பல்லு வலி மாப்பிள்ளை. ரெண்டு நாளா உயிர் போகுது. நீங்க வாசிச்சதுல எனக்கு என்ன தெரியும்?"

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கணக்குப் போடுகிறவர்போல் இருந்தார்.

"அப்போ ஐயர்கிட்ட சொன்னீங்களே, எழுதியிருக்குன்னு. அது?"

"அதுதான் மாமா தப்பு."

"அதுக்கு நீங்க கை தூக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் கணக்கைத் திருத்துகிற குரல். கேட் திறந்தது. அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார், நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். யாரும் கிளப்பவில்லையாம். மாமாவே எழுந்திருக்கிறார். 'அந்தப் பொண்ண நான் நிறுத்தினேன். நாளைக்கு அது வந்து ஒரு கேள்வி கேட்டா எங்கிட்ட பதில் இல்ல' என்று சொல்லிக் குழுவை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய்ப் பேசியிருக்கிறார். எனக்கு என் மனைவிதான் சொன்னாள். மாடியிலிருந்து இறங்கி அவர் எதிரே போக அன்று எனக்குக் கால் வரவில்லை. வேண்டுமென்றே கடைசி ரயிலில் வரத் தொடங்கினேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குழுவை வேறொருவர் நடத்தினார். என்னை வயலின் வாசிக்கக் கூப்பிடவில்லை. மாமா சபையோடு சபையாக, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முழங்காலில். குழு எழுந்து பாடியது. இரண்டாவது சரணத்தில் ஆண்கள் பக்கம் யாரோ நன்றாகவே பிசகினார்கள். குழுவில் ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை, ஆர்மோனியம் அதை அமுக்கிக்கொண்டு மேலே போனது. மாமாவின் முழங்கை என் விலாவில் மெல்ல இடித்தது. குனிந்து என் காதோடு சொன்னார்.

"பாருங்க மாப்பிள்ளை. ஒருத்தரும் கை தூக்கல."

என்னை விளையாட்டுக்குச் சேர்த்துக்கொண்டுதான் சொன்னார், சிரித்த முகம். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.